வண்டி தமிழனது, வழி எவனது?

விலை கொடுத்து வாங்கியவனே பொருளுக்கு உடையவன் என்பது உலக வழக்கு. ஏர் வாங்கிய உழவன் அதன் கொழுமுனையைத் தன் மண்ணுக்கேற்ப மாற்றுகின்றான். தறி வாங்கிய நெசவாளி அதன் மிதிகட்டையைத் தன் காலுக்கேற்பத் திருத்துகின்றான். இவர்கள் எவரிடத்தும் சென்று இசைவு கேட்பதில்லை. ஆனால் பத்து இலக்கமும் பதினைந்து இலக்கமும் உருபா கொட்டி ஒரு மகிழுந்தை வாங்கும் தமிழன், அதன் முகப்பிற் பதித்திருக்கும் வழிகாட்டிப் பெட்டியைத் திறக்கவும் திருத்தவும் உரிமையற்றவனாக நிறுத்தப்பட்டுள்ளான். பெட்டி அவன் வண்டியில் இருக்கின்றது. அதன் திறவுகோலோ கடல்கடந்த நாட்டில் இருக்கின்றது. பெட்டிக்கு அவன் பணம் கொடுத்தான். பெட்டியோ அவன் ஊர்ப்பெயரையும் ஒழுங்காகச் சொல்ல மறுக்கின்றது.

இஃது ஏதோ செல்வர் வீட்டு வண்டியின் சிறு குறை என்று தள்ளிவிடத் தக்கதன்று. கொங்கு நாட்டுப் பட்டறைத் தொழிலின் வாழ்வும், நெடுவழி செல்லும் ஓட்டுநரின் உயிரும், தமிழ் ஊர்ப்பெயர்களின் மானமும் இச்சிறு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன.

பிரித்துப் பார்த்தே பெருமை பெற்ற நாடு

கோவையின் தொழில்வளம் வெளிநாட்டான் அருளியதன்று. வெளிநாட்டான் செய்த பொறியைப் பிரித்துப் பார்த்த கைகள் படைத்தது. கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு என்னும் துரைசாமி, பள்ளிப் படிப்பை நிறைவு செய்தவர் அல்லர். வெள்ளைக்கார அலுவலர் ஒருவர் ஊர்ந்துவந்த விசையுந்தைக் கண்டு, உழைத்துப் பணம் சேர்த்து, அதுபோன்ற ஒன்றை வாங்கி, அக்கு அக்காகக் கழற்றி, மீண்டும் பூட்டித் தாமே கற்றுக்கொண்டார். 1920-இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். 1937-இல் பாலசுந்தரத்தோடு சேர்ந்து, இந்தியாவில் உருவான முதல் மின்னோடி எனப் போற்றப்படும் மின்னோடியைக் கோவையில் உருவாக்கினார். 1952-இல் இரண்டாயிரம் உருபா விலையில் இருவர் அமரும் மகிழுந்தொன்றை வடித்தார் என்றும், அரசு உரிமம் தராமையால் அம்முயற்சி முடங்கிற்று என்றும் அவர் வரலாறு கூறுகின்றது. கழற்றிப் பார்க்கும் உரிமை அன்று அவருக்கு மறுக்கப்பட்டிருப்பின் இன்றைய கோவை இல்லை.

அவர் ஒருவர் மட்டுமல்லர். கரூரில் வெற்றடிச்சட்டமாக வந்து இறங்கும் வண்டி, பேருந்தாகி வெளிச்செல்கின்றது. நாமக்கல்லில் அவ்வாறே சரக்குந்தின் உடல் கட்டப்படுகின்றது. திருச்செங்கோட்டார் சரக்குந்தின்மேல் துளைப்பொறியை ஏற்றி, இந்தியா முழுதும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றனர். வண்டிகளின் முகப்பு அளவுமானிகளைச் செய்யும் பிரிக்கால் தொழிற்சாலை கோவைக்குரியது. வேறொருவன் செய்தனுப்பிய வண்டியைத் தன் தேவைக்கேற்பத் திருத்தியமைப்பதே கொங்கு நாட்டின் தொழிலறிவு. அதுவே ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிவதற்கு அடிப்படை.

அத்தகைய மண்ணிற் பிறந்த கம்மியன், இன்று ஒரு மகிழுந்தின் முகப்புத்திரை முன் கைகட்டி நிற்கின்றான். பொறியைப் பிரிக்கத் தெரிந்தவனுக்குப் பூட்டிய மென்பொருளைத் திறக்க வழியில்லை. இதனினும் கொடிய முரண் ஒன்றுண்டு. செருமனியின் பாசு நிறுவனம் கோவையிலேயே பெரிய மென்பொருள் நடுவம் வைத்திருக்கின்றது. வண்டிகளுக்கான மென்பொருளை அங்கே எழுதுவோரிற் பலர் தமிழ் இளைஞர்கள். உலகத்தார் வண்டிக்கு மூளை செய்து கொடுக்கக் கோவைத் தமிழனுக்குத் தகுதி உண்டாம். தன் வண்டியின் மூளையைத் தொட்டுப் பார்க்க மட்டும் அதே ஊர்த் தமிழனுக்குத் தகுதி இல்லையாம்!

பெட்டியின் உள்ளே

மறைபொருள் எதுவும் அப்பெட்டிக்குள் இல்லை. செயற்கைக்கோள்களின் குறியலைகளை வாங்கும் ஒரு கருவி, வண்டி திரும்புவதை உணரும் ஓர் உணரி, உருளைகள் எத்தனை முறை சுழன்றன என்று வண்டியிலிருந்து வரும் கணக்கு, நிலப்படம் பதிந்த ஒரு சேமிப்பட்டை, ஒரு திரை, ஓர் ஒலிபெருக்கி. அவ்வளவே. கைப்பேசியில் இல்லாத ஒரு நன்மை இதற்குண்டு. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டையூசி வளைவுகளிலும், திம்பத்தின் 27 வளைவுகளிலும் மலைமுகடு வானத்தை மறைக்கும்பொழுதும், உருளைக் கணக்கைக் கொண்டு வண்டி எங்கே நிற்கின்றது என்று இப்பெட்டி கணித்துக்கொள்ளும். காட்டுக்குள் கைப்பேசி அலை அற்றுப்போயினும் இதன் நிலப்படம் அழியாது. ஆகவே இது தூக்கி எறியத்தக்க பொருளன்று. திருத்திக் காக்கத்தக்க பொருள்.

வண்டியில் நிலப்படம் காட்டும் கருவியை 1981-இலேயே சப்பானின் ஓண்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் செயற்கைக்கோள் இல்லை. ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட படங்களை ஓட்டுநரே தம் கையாற் செருகி மாற்றிக்கொள்வார். நாற்பது ஆண்டு அறிவியல் வளர்ச்சிக்குப் பின் கிடைத்திருக்கும் பேறு யாதெனில், அன்று கையால் மாற்றிய படத்தை இன்று நிறுவனத்தின் இசைவின்றி மாற்ற இயலாது என்பதே! பல வண்டிகளில் படம் பதிந்த சேமிப்பட்டை அந்தந்த வண்டியின் எண்ணோடு பிணைக்கப்பட்டுள்ளது. நிறுவனத்தின் முத்திரையில்லாத மென்பொருளைப் பெட்டி ஏற்பதில்லை. புதிய படம் வேண்டுமெனின் நிறுவனம் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். நிறுவனமே புதிய படம் வெளியிடுவதை நிறுத்திவிடின், வண்டி ஓடிக்கொண்டிருக்கப் பெட்டி மட்டும் செத்துப்போகும்.

கோவையின் நடுவிலேயே இதற்குச் சான்று நிற்கின்றது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்சு வரை அவிநாசிச் சாலைமீது 10.1 கிலோமீட்டர் நீளத்திற்குக் கட்டிய மேம்பாலம், 2025 அக்தோபர் 9 அன்று திறக்கப்பட்டு, ஜி.டி. நாயுடுவின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அதற்கு முன் பதிந்த படத்தோடு ஓடும் வண்டியின் பெட்டிக்கு அப்பாலம் தெரியாது. வண்டி மேலே விரைந்துகொண்டிருக்க, அது கீழ்ச்சாலையில் இருப்பதாக எண்ணி, இல்லாத திருப்பத்தில் திரும்பச் சொல்லும். பொறியைப் பிரித்துப் பார்த்தவரின் பெயர் தாங்கிய பாலத்தைப் பிரிக்கக்கூடாத பெட்டி அறியவில்லை என்பதைவிடக் கூர்மையான எள்ளல் வேறு உண்டோ?

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2022 சனவரி முதல் நாள், ஓண்டா நிறுவனத்தின் பழைய மகிழுந்துகள் பலவற்றின் வழிகாட்டிக் கடிகாரம் இருபது ஆண்டு பின்சென்று 2002 எனக் காட்டிற்று. ஆகத்துத் திங்களில் தானே சரியாகும், அதுவரை பொறுத்திருங்கள் என்பதே வாங்கியவர்க்குக் கிடைத்த விடை. கடிகாரத்தின் நாழிகையைத் திருத்தவும் உடையவனுக்குக் கையில்லை!

ஊர்ப்பெயரைத் தின்னும் பூட்டு

பணக்கேடு ஒருபுறம் இருக்க, மொழிக்கேடு பெரிது. ழகர ளகர லகர வேறுபாடும், நெடில் குறில் வேறுபாடும் உரோமன் எழுத்திற் கரைந்துபோகின்றன. ஆழியாறு ஆலியார் ஆகின்றது. காளப்பட்டி காலப்பட்டியாகவும் களப்பட்டியாகவும் ஒலிக்கின்றது. ஈரோட்டின் பெயரோ, ஆங்கிலத்தில் அரித்துத் தேய்தல் என்று பொருள்படும் சொல்லாகவே எழுதப்பட்டுக் கிடக்கின்றது; பெட்டிக்குள் இருக்கும் ஆங்கிலக் குரல் அதனை அச்சொல்லாகவே பலுக்குகின்றது. தன் ஊரைத் தன் வண்டியே தவறாக அழைப்பதைக் கேட்டுக்கொண்டு தமிழன் பயணம் செய்கின்றான்.

கொங்கு மக்கள் வழி சொல்லும் மரபே தனி. வலம், இடம் என்பதைவிட, மேற்கே போய் வடக்கே திரும்புக என்று திசை காட்டிச் சொல்வதே அவர் வழக்கு. இருபுறமும் கிளுவை வேலி நிற்க நடுவே செல்லும் ஒடுங்கிய தடத்திற்கு இட்டேரி என்று பெயர். பாளையம் என்றும் வலசு என்றும் முடியும் ஊர்கள் எண்ணற்றவை. ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. இட்டேரிக்கும் தார்ச்சாலைக்கும் வேறுபாடறியாத படம், சுமையேற்றிய சரக்குந்தை வேலிக்கு நடுவே கொண்டுபோய்ச் சிக்க வைக்கும். படத்தைத் திருத்தத் தெரிந்த உள்ளூரானுக்குத் திருத்தும் உரிமை இல்லை; திருத்தும் உரிமை உள்ளவனுக்கு இட்டேரி என்றால் என்னவென்றே தெரியாது.

தமிழக அரசு 2020 சூனில், 1,018 ஊர்களின் பெயர்களைத் தமிழொலிக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு அரசாணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கு அதில் நீண்டதோர் உரோமன் எழுத்துக்கோவை வந்தது. ஊர் முழுதும் நகைத்தது. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் பிழையன்று, வழி பிழை. தமிழ்ப்பெயரைத் தமிழெழுத்தில் எழுதுவதை விடுத்து, கடன்வாங்கிய எழுத்தில் திருத்தப் புகுந்ததே பிழை. திரையில் தமிழெழுத்தும் ஒலிபெருக்கியில் தமிழ்க்குரலும் இருக்குமாயின், உரோமன் எழுத்தில் எத்தனை எழுத்து வேண்டும் என்ற வழக்கே எழாது.

நிலத்தை அளந்தவன் நிலத்தை ஆண்டான் என்பது வரலாறு. 1802 ஏப்பிரலில் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் இலாம்புடன் என்னும் வெள்ளையன் அளவுச் சங்கிலியை நீட்டி இந்தியப் பேரளவைப் பணியைத் தொடங்கினான். வெள்ளையர் எழுதிய எழுத்தே இன்றும் பலகைகள் பலவற்றில் நிற்கின்றது. அன்று சங்கிலி, இன்று செயற்கைக்கோள். கருவி மாறிற்று, பெயர் வைப்பவன் எவன் என்னும் கேள்வி மாறவில்லை.

மறுப்போர்க்கு மறுமொழி

உடையவனே வண்டியின் மின்னணுவைத் தொடுவது இடரன்றோ என்று சிலர் வினவுவர். தடை, திசைமாற்றி, காற்றுப்பை ஆகியவற்றின் கம்பிகளைப் பயிலாதவர் தொடுதல் இடரே. அதனை எவரும் மறுக்கவில்லை. காற்றுப்பைக் கம்பிகளுக்கு மஞ்சள் உறை இட்டிருப்பதே அவ்வெச்சரிக்கைக்காகத்தான். ஓட்டும்பொழுது திரையில் திரைப்படம் ஓட விடுவோரையும் எவரும் தாங்கிப் பேசவில்லை. ஆனால் படம் மாற்றுவதும், தமிழ்க்குரல் ஏற்றுவதும், பின்னோக்குப் படக்கருவி இணைப்பதும், பழுதான திரைக்கு மாற்றுத்திரை பொருத்துவதும் உயிர்க்கேடு செய்வன அல்ல. உயிர்க்கேடு செய்வது திருத்தப்படாத படமே. 2023 அக்தோபர் முதல் நாள், கேரளத்துக் கோதுருத்தில் இளமருத்துவர் இருவர் வழிகாட்டியை நம்பி இரவு மழையில் ஆற்றுக்குள் வண்டியோடு வீழ்ந்து மாண்டனர். 2024 நவம்பர் 24 அன்று, உத்தரப்பிரதேசத்துப் பரேலி அருகே, இடிந்த பாலத்தை வழியென்று காட்டிய கருவியை நம்பிய மூவர் இராமகங்கையில் வீழ்ந்து இறந்தனர். இவை கைப்பேசி வழிகாட்டியால் நேர்ந்தவை எனினும் பாடம் ஒன்றே: படத்தைத் திருத்தும் உரிமை உள்ளூர் மாந்தனிடம் இல்லாத இடத்தில், படத்தின் பிழைக்கு உள்ளூர் மாந்தனே உயிர் கொடுக்கின்றான்.

சட்டம் தடுக்கின்றதே என்பர் வேறு சிலர். 1988-ஆம் ஆண்டு இயக்கூர்திச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விளத்தங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. 2019 சனவரியில் உச்ச நயன்மை மன்றமும் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டம் முறையற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 உருபா தண்டமும் ஆறு திங்கள் வரை சிறையும் வகுத்தது. ஆனால் பதிவுச் சான்றில் இருப்பவை பொறியெண், அடிச்சட்ட எண், நிறம், எரிபொருள், இருக்கை, எடை முதலியன. வழிகாட்டியின் படமும் மொழியும் அதில் இல்லை. சட்டம் தடுக்காததைப் பொறுப்புறுதியைக் காட்டி நிறுவனங்கள் தடுக்கின்றன. திரையைத் தொட்டால் பொறிக்கும் பொறுப்பேற்க மாட்டோம் என்று அச்சுறுத்துவது வணிகமன்று, வன்முறை.

கைப்பேசி இருக்கப் பெட்டி எதற்கு என்பர் மூன்றாமவர். வாங்கிய பொருளுக்குப் பணம் கொடுத்தவன், அது பயன்படாமையால் மற்றொன்றை நாடுகின்றான் என்பது நிறுவனத்தின் குற்றத்திற்குச் சான்றேயன்றி விடையாகாது.

உலகம் எழுந்துவிட்டது

அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலம் 2012-இலேயே வண்டியைப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிற்று. 2020-இல் வண்டி அலைவழி அனுப்பும் செய்திகளுக்கும் அவ்வுரிமையை நீட்டிப்பதற்கு மக்கள் வாக்களித்தனர். 2015-இல் அந்நாட்டுப் படைப்புரிமைத் துறை, பழுதுபார்த்தற்கும் முறையான மாற்றத்திற்கும் வண்டி மென்பொருட் பூட்டைத் திறப்பது குற்றமன்று என்று விலக்களித்தது; வழிகாட்டி முதலிய பெட்டிகளை அன்று அவ்விலக்கினின்று ஒதுக்கியது என்பதிலிருந்தே, நிறுவனங்கள் எதனை இறுகப் பற்றியிருக்கின்றன என்பது விளங்கும். இந்திய நடுவணரசு 2022 சூலையில் இதற்கென ஒரு குழு அமைத்தது. உழவுக் கருவி, கைப்பேசி, வீட்டுப் பொருள், வண்டி என நான்கு துறைகளைக் குறித்தது. குழு அமைந்தது; வண்டி வாங்கியவனுக்குச் சட்டம் அமையவில்லை.

கட்டாயப்படுத்தத் தில்லிக்குத் தெரியாதா? தெரியும். 2019 சனவரி முதல், புதிய பொதுப்பயண வண்டிகளில் இருப்பிடங்காட்டும் கருவி கட்டாயமாயிற்று. ஓட்டுநன் எங்கிருக்கின்றான் என்று ஆள்வோர்க்கு உரைக்கும் கருவி கட்டாயம். எங்கே திரும்ப வேண்டும் என்று ஓட்டுநனுக்கு அவன் மொழியில் உரைக்கும் கருவி கட்டாயமன்று! இதிலிருந்தே எவர் பொருட்டு எச்சட்டம் இயற்றப்படுகின்றது என்பது தெளிவு.

அமெரிக்கா 1990-களில் பொதுமக்களுக்கான செயற்கைக்கோட் குறியலையை வேண்டுமென்றே மங்கச் செய்து வந்தது. 2000 மே திங்களில்தான் அதனை நிறுத்திற்று. பிறன் விளக்கில் வழி நடப்பவன், அவன் திரியைத் தாழ்த்தும்போது இருளில் நிற்பான். இதனை உணர்ந்தே 2013 முதல் 2016 வரை ஏழு செயற்கைக்கோள்கள் இந்தியாவிலிருந்து நேவிக் அமைப்புக்காக ஏவப்பட்டன. அவற்றுள் பிந்திய மூன்று ஏவப்பட்ட 2016-இல், பெங்களூர்ச் செயற்கைக்கோள் நடுவத்தின் இயக்குநராக இருந்தவர் பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியின் மயில்சாமி அண்ணாதுரை. தமிழ்வழியிற் பள்ளிக்கல்வி பெற்றவர். வானத்தில் கோளை நிறுத்தும் பணிக்குக் கொங்குச் சிற்றூர்த் தமிழன் தலைமை தாங்க இயலும். அக்கோள் காட்டும் வழியைத் தரையில் தமிழிற் கேட்க மட்டும் இயலாதா?

செய்ய வேண்டுவன

முதலாவதாக, தமிழ்நாட்டரசு ஒவ்வோர் ஊருக்கும் தெருவுக்கும் உரிய தமிழ்ப்பெயரைத் தமிழெழுத்தில், இருப்பிட அளவோடு, எவரும் எடுத்தாளும் வகையில் வெளியிடல் வேண்டும். இரண்டாவதாக, தமிழ்நாட்டில் விற்கும் வண்டியின் வழிகாட்டியில் தமிழ்த்திரையும் தமிழ்க்குரலும் இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, மின்கம்பிப் படமும் பழுதறி கருவியும் தனிப்பட்டறைகளுக்கும் முறையான விலையிற் கிடைத்தல் வேண்டும். நான்காவதாக, நிறுவனம் படம் புதுக்குவதை நிறுத்தும் நாளிலேயே பூட்டையும் திறந்துவிடல் வேண்டும். ஐந்தாவதாக, தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பலதொழிற் கல்லூரிகளிலும் வண்டி மின்னணுவியலைத் தமிழிற் கற்பித்தல் வேண்டும்.

அரசு அசையும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய திறந்த தெருப்படத் திட்டத்தில் எவரும் தம் ஊரை வரையலாம். ஒவ்வோர் ஊருக்கும் தமிழ்ப்பெயர் எழுதத் தனியிடம் அதில் உண்டு. அப்படத்தை ஏற்கும் திறந்த பெட்டிகளும் சந்தையில் உள்ளன. மாலைதோறும் ஒரு நாழிகை ஒதுக்கும் பத்து இளைஞர், ஒரு வட்டத்தின் இட்டேரியும் ஏரியும் குட்டையும் கோயிலும் தமிழிற் பேசும்படி செய்துவிடலாம். பட்டறைக் கம்மியர் தாம் கண்ட நுணுக்கத்தைத் தமிழில் எழுதிவைப்பின், அடுத்த தலைமுறைக்கு அதுவே நூலாகும்.

வழி கேட்பது இழிவன்று. தன் ஊருக்கே தன் மொழியில் வழி சொல்ல இயலாதிருப்பதே இழிவு. பிரித்துப் பார்க்கும் கை கொங்குத் தமிழனுக்கு உண்டு. திறவுகோலும் அக்கைக்கு வந்து சேர்க! வண்டியோடு வழியும் தமிழனுக்கே உரிமையாகுக!